ஆறு பவுண்டு பூட்டு

பிளைனாய் ஃபெஸ்டினியோகில் மழை
யாரையும் கேட்டுக்கொண்டு பெய்வதில்லை.
வெள்ளிக்கிழமை, மூன்றரை மணி.
பழைய சேப்பலைச் சுவரேறும் கூடமாக
மாற்றிக்கொண்டிருக்கிறோம்.
பிரசங்க மேடை இருந்த இடத்தில்
உறை பிரிக்காத மெத்தைகள்.
பின்னறைச் சுவரில் பிரேக்கர் பெட்டி.
ஏழாம் பிரேக்கரின் கழுத்தில் சிவப்புப் பூட்டு,
பூட்டில் தொங்கும் அட்டை:
க்விலிம் ப்ரைஸ். வேலை நடக்கிறது. போடாதே.

வேலை நடக்கவில்லை.
மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவர
பாங்கர் போய்விட்டான் க்விலிம்,
சாவி அவன் சட்டைப்பையில்.

எனக்கு நாற்பத்தோரு வயது.
பதினாறு வருடம் பஸ் ஓட்டியவள்.
இந்தத் தொழிலில் இரண்டாம் வருடப் பயிற்சி.
க்விலிமுக்கு இருபத்தாறுதான்.
என் பூட்டு மஞ்சள்.
அதில் ஹைல்வென் என்ற என் பெயர்
எழுத்துப் பிழையோடு இருக்கிறது.

மாடத்தில் பூச்சு ஈரம் காயவில்லை.
ஹீட்டருக்கு ஏழாம் லைன் வேண்டும்.
திங்கள் காலை பெயின்டர்கள் வந்து நின்றால்
கூலி யார் தலையில் என்று கேட்டுக்கொண்டே
டவ்ரிக் வேனிலிருந்து வெட்டுக்கத்தரி கொண்டுவந்தார்.
ஐந்து வயதுப் பிள்ளை உயரம் அது.

"ஆறு பவுண்டு பூட்டு, ஹைல்வென்.
புதுசு வாங்கித் தருகிறேன்.
வேண்டுமானால் மீட்டர் வைத்துப் பார்,
செத்த லைன்தானே."

"செத்துக் கிடக்கத்தான் பூட்டியிருக்கிறது."

இதைவிட நல்ல பதில்கள்
ராத்திரி படுக்கையில் வந்தன.
அப்போது வரவில்லை.
பெட்டிக்கு முதுகைக் கொடுத்து நின்றேன்,
கடைசி பஸ்ஸில் குடிகாரர்களுக்கு முன்னால்
நின்று பழகிய நிற்பு.

மீட்டரைக்கூட நாங்கள் நம்புவதில்லை.
முதலில் உயிருள்ள இடத்தில் வைத்து
அது பேசுகிறதா பார்.
பிறகு செத்ததாகச் சொல்லும் கம்பியில்.
பிறகு மறுபடியும் உயிருள்ள இடத்தில்,
ஏனென்றால் நடுவில்
மீட்டரே செத்திருக்கலாம்.
பெட்டி மூடிக்குள் பென்சிலில் யாரோ எழுதியது:
ஏழு, ஆர்கன்.
ஆர்கன் விற்றுப்போய் இருபது வருடம்.
அந்தக் கம்பி இப்போது எந்தச் சுவருக்குள் புகுந்து
எங்கே வாய் திறந்து கிடக்கிறது,
தேடிப் போனவனுக்குத்தான் தெரியும்.
அவன் பாங்கரில்.

போனில் ஒரே வாக்கியம்:
"யாரும் தொடவேண்டாம், வருகிறேன்."

ஐம்பது நிமிடம் என்றான்.
கணவாயில் மூடுபனி, எண்பது ஆயிற்று.
கத்தரியைக் கீழே வைக்காமல்
டவ்ரிக் மூன்று சிகரெட் பிடித்தார்.
நான் மூத்திரத்தை அடக்கிக்கொண்டு நின்றேன்.

வந்தான். பின்சீட்டில் யூனிஃபார்மோடு மகள்,
மடியில் சிப்ஸ்.
மன்னிப்பு கேட்கவில்லை,
நன்றியும் சொல்லவில்லை.
ஏணியில் ஏறி
ஒவ்வொரு முனையாகத் தொட்டுப் பார்த்தான்.
எல்லாம் மூடியிருந்தது,
கச்சிதமாக, கனெக்டருக்குள்.
டவ்ரிக் வெட்டியிருந்தாலும்
ஒருவருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

"பார்த்தாயா?" என்றார் டவ்ரிக்.
"பார்த்தேன்" என்றேன்.

பூட்டைத் திறந்தான். அட்டையைக் கழற்றினான்.
பிரேக்கரை மேலே தள்ளினான்.
ஹீட்டர் இருமி, தூசி கருகும் வாசனையோடு எழுந்தது.
உள்ளங்கையில் கிடந்த சாவியைப் பார்த்து
சிறுமி கேட்டாள்,
"இவ்வளவு சின்ன சாவிக்கா இவ்வளவு தூரம்?"
மூன்று பெரியவர்களும்
ஹீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

திங்கள். ஒன்பதாம் பிரேக்கர்.
அவனுடைய சிவப்பு, பக்கத்தில் என் மஞ்சள்,
ஒரே கவ்வியில்.
சிவப்புப் பூட்டின் வளையத்தில்
புதிதாக ஒன்று தொங்கியது:
அவன் வேன் சாவி.
பூட்டைக் கழற்றாமல் இனி
அவனால் பாங்கர் போகமுடியாது.

டவ்ரிக் அந்தப் பக்கம் வந்தார்,
பார்த்தார், ஒன்றும் சொல்லாமல்
கெட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு,
"இதைப் போடலாமா?" என்றார்.

எனக்கு வேன் கிடையாது.
கொஞ்சம் யோசித்து
என் வீட்டுச் சாவியைக் கோத்தேன்.